விம்மல் என்றால் என்ன?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் "விம்மல்" என்ற ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். "ஊரிலே எத்தனையோ சங்கதிகள் இருக்க, ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லுவதற்கா இத்தனை பேரைக் கூட்டி வைத்தீர்கள்? அது பண்டிதர்கள் வேலையல்லவா?" என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் தோழர்களே, பண்டிதர்கள் வேலை என்று நாம் ஒதுக்கிவிட்ட காரியங்களில்தான் நமது வாழ்வு பெரிதும் சிக்கிக் கிடக்கிறது. தினம் பத்துத் தடவை வாயில் வழங்குகின்ற ஒரு சொல் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதால், அந்தச் சொல்லுக்குள் இருக்கிற உண்மையும் நமக்குத் தெரிவதில்லை.

நான் சொல்லுவதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நான் எடுத்துச் சொல்லப் போகிற சாட்சிகளில் பெரும்பாலானவை உங்கள் வீட்டிலும், உங்கள் தெருவிலும், உங்கள் உடம்பிலும் இருக்கின்றன. போய்ச் சோதித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

அழுகைக்கு எத்தனை பெயர்!

முதலாவதாக, நம் தமிழில் அழுகைக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பதைப் பாருங்கள். அழுதல், அரற்றுதல், அலறுதல், கதறுதல், ஓலமிடுதல், புலம்புதல் என்று ஒரு வகை. சிணுங்குதல், விம்முதல், விசும்புதல், தேம்புதல், பொருமுதல், ஏங்குதல் என்று மற்றொரு வகை. முதல் வகையெல்லாம் ஊருக்குக் கேட்கும் அழுகை. இரண்டாவது வகையெல்லாம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத அழுகை. ஒரு ஜனசமூகம் சத்தமில்லாத அழுகைக்கு மாத்திரம் இத்தனை சொற்களை உண்டாக்கி வைத்திருக்கிறதென்றால், அந்தச் சமூகத்தில் சத்தமில்லாமல் அழ வேண்டிய அவசியம் எவ்வளவு பேருக்கு எவ்வளவு நாளாய் இருந்திருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டாவது வகைக்குள்ளும் ஒரு பேதம் உண்டு. சிணுங்குவதும் மெல்ல அழுவதுதான். ஆனால் சிணுங்குகிற குழந்தை யார் காதிலாவது அது விழவேண்டும் என்பதற்காகவே சிணுங்குகிறது. மிட்டாய் கிடைத்தால் நிறுத்திவிடும். விம்முகிறவரோ யார் காதிலும் விழக்கூடாது என்று விம்முகிறார். இரண்டும் சத்தத்தில் ஏறக்குறைய ஒன்றே. நோக்கத்தில் வடக்கும் தெற்கும்போல் வேறு. இந்தப் பேதத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

சொல் எங்கிருந்து வந்தது?

சொற்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், நம் நாட்டில் ஒரு சுலபமான பதில் தயாராயிருக்கிறது. சிவபெருமான் உடுக்கையை அடித்தாராம். அதிலிருந்து மொழி பிறந்ததாம். ஒரு மொழியைப் பாணினிக்கும் மற்றொன்றை அகத்தியருக்கும் சொல்லிக் கொடுத்தாராம். நான் கேட்கிறேன்: அப்படியானால் இந்த "விம்மல்" என்ற சொல்லும் அந்த உடுக்கையிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? மனிதன் விம்மப் போகிறான் என்பது முன்னமே தெரிந்து, அதற்குச் சொல்லை மாத்திரம் செய்து கொடுத்துவிட்டு, விம்மலை நிறுத்த வழி செய்யாமல் ஒரு கடவுள் சும்மாயிருந்தார் என்றால், அதை எந்தப் பக்தராவது கடவுளுக்குப் பெருமை என்று சொல்லுவாரா? ஆகவே அந்தக் கதையைக் கதையாகவே விட்டுவிடுவோம். படுகிறவன்தான் பட்டதற்குப் பெயர் வைக்கிறான். நெருப்புச் சுட்டவன்தான் "சூடு" என்று சொல்லியிருப்பான்.

ஒரு சொல்லின் பிறப்பைக் காண்பதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அந்தச் சொல் பழைய நூல்களில் என்னென்ன பொருளில் வழங்கியது என்று பார்ப்பது. இரண்டு, படித்தவர் கைபடாத கிராமத்து வாயில் அது இன்றைக்கு எப்படி வழங்குகிறது என்று பார்ப்பது. மூன்று, நம்முடைய அக்காள் தங்கை மொழிகளாகிய மலையாளம், கன்னடம், தெலுங்கு முதலியவற்றில் அதற்கு என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்த மூன்றாவது வழியை நமக்குத் திறந்துவிட்டவர்கள், 1816-ல் இம்மொழிகள் ஒரே குடும்பம் என்று எடுத்துக்காட்டிய எல்லிஸ் துரையும், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் பாதிரியாரும் ஆவார்கள். சொல்லுக்குக் காரணம் உண்டு, ஆனால் மேலோட்டமாய்ப் பார்க்கிறவனுக்கு அது விளங்காது என்ற கருத்து நம்முடைய தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆகவே ஆழ்ந்து பார்ப்பது என்பது அந்நியர் பழக்கம் என்று யாரும் நம்மைப் பயமுறுத்த முடியாது.

விம்முதல் என்றால் பருத்தல்

இப்பொழுது "விம்மு" என்பதைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக ஒரு பெரிய தமிழ் அகராதியை வெளியிட்டார்கள். அதை எடுத்துப் பார்த்தால் விம்முதலுக்குத் தேம்பி அழுதல் என்று மாத்திரம் இல்லை. பருத்தல், நிறைதல், ஒலித்தல் என்றும் பொருள் இருக்கக் காண்பீர்கள். அழுகைக்கும் பருத்தலுக்கும் என்ன சம்பந்தம்? கிராமத்து வாயைக் கேளுங்கள். "மகன் பரீட்சையில் தேறினான் என்று கேட்டதும் தகப்பனுக்கு நெஞ்சு விம்மிற்று" என்று சொல்லுகிறோம். அங்கே அழுகை ஏது? சந்தோஷம் உள்ளே நிறைந்து நெஞ்சு பருத்தது என்பதுதான் பொருள். ஆகவே விம்முதல் என்பதற்கு அடிப்பொருள், உள்ளே ஒன்று நிறைந்து, வெளியே போக வழியில்லாமல், அடைத்த இடம் பருப்பது என்பதாகும். சந்தோஷம் நிறைந்தாலும் விம்மும். துக்கம் நிறைந்தாலும் விம்மும். துக்கத்தால் விம்முவதே நம் நாட்டில் அதிகமாயிருந்தபடியால், காலப்போக்கில் விம்மல் என்றாலே அழுகை என்று ஆகிவிட்டது.

இது என்னுடைய கற்பனை என்று ஒருவருக்குச் சந்தேகம் வரலாம். அப்படியானால் "பொருமல்" என்ற சொல்லைப் பாருங்கள். வயிற்றில் வாயு அடைத்துக்கொண்டால் "வயிறு பொருமுகிறது" என்கிறோம். வைத்தியரிடம் போய் "வயிற்றுப் பொருமல்" என்று சொல்லி மருந்து கேட்கிறோம். அதே சொல்லை வைத்துக்கொண்டுதான் "அந்தப் பெண் உள்ளுக்குள் பொருமிப் பொருமி அழுதாள்" என்றும் சொல்லுகிறோம். வாயு அடைத்தால் வயிறு உப்புகிறது. அழுகை அடைத்தால் மார்பு உப்புகிறது. நம் முன்னோர் இரண்டையும் ஒரே கண்கொண்டு பார்த்து ஒரே பெயர் வைத்தார்கள். "தேம்பு" என்பதோ இதன் அடுத்த படி. தேம்புதலுக்குப் பழைய பொருள் வாடுதல், மெலிதல். பருத்தது பருத்தபடியே இருக்குமா? நாள்பட்டால் வாடிப்போகும். விம்மலும் பொருமலும் அடைப்பைச் சொல்லுகின்றன. தேம்பல் அந்த அடைப்பினால் உடம்பு படுகிற பாட்டைச் சொல்லுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "விசும்பு" என்றால் ஆகாயம். ஆகையால் விசும்பல் என்பது ஆகாயம் மழை பொழிவதுபோல் கண்ணீர் பொழிவது என்று வெகு அழகாய்ப் பொருள் சொல்லுகிறவர்கள் உண்டு. கேட்பதற்கு இனிப்பாயிருக்கிறது. ஆனால் ஒலி ஒன்றாயிருப்பது மாத்திரம் உறவுக்குச் சாட்சியாகிவிடாது. மாலை என்றால் சாயங்காலம். மாலை என்றால் கழுத்தில் போடுகிற பூச்சரம். சாயங்காலத்தில் கட்டுவதால்தான் அதற்கு மாலை என்று பெயர் வந்தது என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளலாமா? அன்றியும், விசும்புகிறவளுக்குக் கண்ணீர் பொழிவதே கிடையாது. அது பொழியாமல் அடக்கப்படுவதுதானே விசும்பல்! இனிப்பாயிருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்புகிற பழக்கம் சொல்லாராய்ச்சியில் தொடங்கி ஜோசியத்தில் போய் முடியும். ஆகவே அதை வாசலிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

அக்காள் தங்கைகள் சாட்சி

இனி மூன்றாவது வழிக்கு வருவோம். மலையாளத்தில் "விங்ஙுக" என்றால் வீங்குவது, உள்ளே நின்று துடிப்பது. அடக்க முடியாமல் அழுதால் "விங்ஙிப்பொட்டி" அழுதாள் என்கிறார்கள். அதாவது வீங்கி வெடித்து அழுதாள் என்று அர்த்தம். "விம்மிட்டம்" என்று அங்கே ஒரு சொல் இருக்கிறது. அதற்கு மூச்சுமுட்டல் என்று பொருள். தெலுங்குக்காரர் "வெக்கி வெக்கி ஏட்சிந்தி" என்பார்கள். வெக்கு என்பது நம்முடைய விக்கல்தான். விக்கி விக்கி அழுதாள் என்பதே அதன் பொருள். கன்னடத்தில் "பிக்கி பிக்கி அத்தளு" என்பார்கள். நம்முடைய வகரம் கன்னடத்தில் பகரமாவது வழக்கம்; நாம் வேர் என்றால் அவர்கள் பேரு என்பார்கள்; நாம் வா என்றால் அவர்கள் பா என்பார்கள். ஆகவே பிக்கு என்பதும் அதே விக்கல்.

பார்த்தீர்களா தோழர்களே! நாலு மொழிக்காரரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு இப்படிப் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் நாலு பேரும், மெல்ல அழுவதற்குப் பெயர் வைக்கும்போது கண்ணீரைப் பார்த்துப் பெயர் வைக்காமல், அடைபட்ட மூச்சைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். வீக்கம், விக்கல், மூச்சுமுட்டல் இவைதான் எங்கும். அப்படியென்றால் மெல்லிய அழுகை என்பது சிறிய அழுகை என்று நாம் நினைப்பது தவறு. அது அடைபட்ட பெரிய அழுகை. சத்தம் குறைவாயிருப்பதைக் கண்டு துக்கமும் குறைவு என்று எண்ணுகிறவன், மூடி வைத்த உலைப்பானையில் சத்தமில்லை என்பதற்காகக் கையை வைக்கிறவனுக்கு ஒப்பாவான்.

உடம்பு என்ன சொல்லுகிறது?

நிற்க. சொல் சொல்லுவதை உடம்பும் சொல்லுகிறதா என்று பார்ப்போம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறது. அது இறங்கினால் மூச்சு உள்ளே வரும். ஏறினால் வெளியே போகும். வாய்விட்டு அழும்போது மூச்சு நீளமாய்ச் சத்தத்தோடு வெளியே போய்விடுகிறது. அழுகையை அடக்கும்போதோ வாயை மூடுகிறோம், தொண்டையை இறுக்குகிறோம். தொண்டையில் உருண்டை ஒன்று அடைத்ததுபோல் தோன்றுகிறது. உதரவிதானமோ நிற்காமல் விட்டுவிட்டு இழுக்கிறது. மூச்சு துண்டு துண்டாய் உள்ளே போகிறது. மார்பு எழும்பி எழும்பி விழுகிறது. கண்ணில் ஊறுகிற நீர் கண்ணின் உள்மூலையிலுள்ள சிறு குழாய் வழியாய் மூக்கில் இறங்குகிறது. அதனால்தான் விம்முகிறவர் மூக்கை உறிஞ்சுகிறார். விக்கலும் இதே உதரவிதானம் திடீரென்று இழுப்பதனால் வருவதுதான். ஆகவே தெலுங்கரும் கன்னடரும் விம்மலுக்கு விக்கல் என்று பெயர் வைத்தது உடல்நூல் படித்த வைத்தியர் வைத்த பெயர்போல் பொருத்தமாயிருக்கிறது.

இன்னொரு முக்கியமான சங்கதி. டார்வின் என்னும் பேரறிஞர் 1872-ல் மனிதர், மிருகங்கள் ஆகியோரின் உணர்ச்சிக் குறிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தம்முடைய குழந்தைகளையே கூர்ந்து பார்த்து அவர் எழுதியது என்னவென்றால், பிறந்த குழந்தை அலறுகிறது; அப்பொழுது கண்ணீர்கூட வருவதில்லை; கண்ணீர் சில வாரங்கள் கழித்தே வருகிறது; விம்மலோ ஆரம்பத்தில் கிடையாது, பிறகுதான் வருகிறது என்பதாகும். மிருகக்காட்சிசாலைக் காவலர்களை விசாரித்ததில், குரங்குகள் விம்மிக் கேட்டதில்லை என்று அவர்கள் சொன்னதாகவும் எழுதுகிறார்.

இதை நீங்கள் உங்கள் வீட்டுத் தொட்டிலிலேயே பார்க்கலாம். பச்சைக் குழந்தைக்குப் பசித்தால் வீடு இடிந்து விழும்படி அலறும். பெரியவர்கள் இருக்கிறார்களே, மாமியார் என்ன நினைப்பாரோ, பண்ணையார் காதில் விழுமோ என்று அது எண்ணுவதில்லை. அதனால்தான் "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நம் கிழவிகள் சொல்லி வைத்தார்கள். ஆனால் அதே பிள்ளை வளர வளர, அழுகையை அடக்கிப் பழகுகிறது. தொண்டையும் உதரவிதானமும் எல்லோருக்கும் இயற்கை; யாருக்கு எதிரே வாயை மூட வேண்டும் என்பது மாத்திரம் கற்றுக்கொடுக்கப்படுகிறது. கற்றுக்கொடுக்கப்பட்டதென்றால் கற்றுக்கொடுத்தவர்கள் இருக்க வேண்டுமல்லவா? அவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

வாயைப் பொத்தினவர்கள்

பெண்களிடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். "விளக்கு வைக்கிற நேரத்தில் அழாதே, லட்சுமி போய்விடுவாள்." "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்க் கண்ணைக் கசக்காதே, மூதேவி வந்துவிடுவாள்." இதைக் கேட்டு வளராத பெண் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா? லட்சுமி என்ற பெயரையே கேட்டிராத தேசங்களில் பெண்கள் வெள்ளிக்கிழமையும் அழுகிறார்கள், சனிக்கிழமையும் அழுகிறார்கள். அந்தத் தேசங்களில் செல்வம் குறைந்தா போயிற்று? நம் வீடுகளிலோ தலைமுறை தலைமுறையாய் வெள்ளிக்கிழமை அழுகையை விழுங்கி வந்திருக்கிறோம். அதனால் எத்தனை வீட்டில் லட்சுமி வந்து தங்கினாள்?

மனுதர்மத்தின் மூன்றாவது அத்தியாயம், பெண்கள் துயரப்படுகிற குடும்பம் அழிந்துபோகும் என்கிறது. இதை எடுத்துக்காட்டி, "பாருங்கள், மனு எவ்வளவு கருணையுள்ளவர்!" என்று சொல்லுவோர் உண்டு. அதே மனுவின் ஐந்தாவது அத்தியாயம், பெண் குழந்தைப் பருவத்தில் தகப்பனுக்கும், வாலிபத்தில் கணவனுக்கும், பிறகு பிள்ளைகளுக்கும் அடங்கியே இருக்க வேண்டும், ஒருகாலும் சுதந்தரமாயிருக்கக் கூடாது என்கிறது. துயரப்படுவதற்கான ஏற்பாட்டையும் செய்துவிட்டுத் துயரப்பட்டால் குடும்பம் அழியும் என்றும் சொல்லிவிட்டால், வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? காரணத்தை நீக்க மாட்டார்கள், கண்ணீரைத்தான் தடுப்பார்கள். அப்படித்தான் செய்தார்கள். அழாதே என்று சட்டம் போட்டார்கள், அழுகை விம்மலாயிற்று.

ஆண்களை மாத்திரம் விட்டார்களா? "அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே" என்று ஒரு பழமொழி. ஒரே அடியில் ஆணுக்கு அழுகையையும் பெண்ணுக்குச் சிரிப்பையும் பறித்துக்கொண்டது. மகனைப் பறிகொடுத்த தகப்பன் வைக்கோற்போருக்குப் பின்னால் போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு விம்ம வேண்டியிருக்கிறது. இது ஆண்மையா? மூச்சடைப்புக்கு ஆண்மை என்று பெயரா?

அடுத்தது உழைப்பாளிகள். கீழத் தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாயிருந்த காலம் ஒன்று உண்டு. அடிபட்டவன் உரக்க அழுதால் அது எதிர்ப்பு என்று கணக்காகி இன்னும் அடி விழும். ஆகவே அவன் குடிசையில் வந்துதான் விம்ம வேண்டும். இதிலே ஒரு வேடிக்கை, இல்லை, கொடுமை பாருங்கள். "கூலிக்கு மாரடிக்கிறான்" என்று நாம் பேச்சுக்குப் பேச்சு சொல்லுகிறோமே, அது எங்கிருந்து வந்தது? செத்த வீட்டில் கூலி வாங்கிக்கொண்டு மார்பில் அடித்து அழுகிற வழக்கத்திலிருந்து வந்தது. தன் வீட்டுத் துக்கத்துக்கு வாய்விட்டு அழ உரிமையில்லாத ஏழை, பணக்காரன் வீட்டுச் சாவுக்கு ஊர் கேட்க அழ வேண்டும்! சொந்த அழுகைக்குத் தடை. இரவல் அழுகைக்குக் கூலி! பெண்களுக்கும் சாவு வீடு ஒன்றுதான் தாராளமாய் அழ அனுமதித்த இடம். அங்கே போய் ஒப்பாரி வைக்கிற பெண், செத்தவருக்காக அழுவதோடு தன் மாமியார் கொடுமையையும், புருஷன் அடித்த அடியையும், பிறந்த வீடு கைவிட்டதையும் சேர்த்து வைத்து அழுதுவிட்டு வருகிறாள் என்பது இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியாததல்ல. பல நாள் விம்மல் ஒரு நாள் ஒப்பாரியாகிறது.

அழுகைக்கு நாலு காரணம்

நம்முடைய பழைய தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் மனிதருக்கு வரும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அழுகையைச் சொல்லி, அது பிறப்பதற்கு நாலு காரணங்களைச் சொல்லியிருக்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவையே அந்த நாலு. இளிவு என்றால் பிறர் நம்மை இழிவுபடுத்துதல். இழவு என்றால் உயிரையோ பொருளையோ பறிகொடுத்தல். அசைவு என்றால் இருந்த நிலையிலிருந்து தாழ்ந்து தளர்தல். வறுமை எல்லோருக்கும் தெரிந்ததே. இந்த நாலில் தலைவிதி இருக்கிறதா? பூர்வஜன்ம கர்மம் இருக்கிறதா? கிரகசாரம் இருக்கிறதா? ஒன்றும் இல்லை. நாலும் இந்த உலகத்துக் காரணங்கள். அதிலும் முதற் காரணமாய் எண்ணப்பட்டிருப்பது இழிவு என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சாவைக்கூட இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறது.

இந்த நாலில் மனிதன் முழுவதும் தடுக்க முடியாதது சாவு ஒன்றுதான். அதற்கு அழட்டும், வாய்விட்டு அழட்டும். மற்றவையெல்லாம் பெரும்பாலும் மனிதன் மனிதனுக்குச் செய்பவை. ஆகவே மனிதன் மாற்றக்கூடியவை. மாற்ற முடியும் என்பதற்குப் பிரத்தியட்சமான அத்தாட்சி இருக்கிறது. 1929-ல் சாரதா சட்டம் வந்தது. பதினாலு வயதுக்குட்பட்ட பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றமாயிற்று. 1952-ல் தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ல் இந்து வாரிசு உரிமைச் சட்டம் வந்தது. 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் இந்தியா முழுவதிலும் மகளுக்கும் மகனைப்போலப் பிதிரார்ஜித சொத்தில் பங்கு என்றாயிற்று. 1989-ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாழ்த்தப்பட்டவரைப் பொதுவிடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றம் என்றது. 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், அடிப்பது மாத்திரம் வன்முறையல்ல, சொல்லால் இழிவுபடுத்துவதும் வன்முறையே என்று எழுதி வைத்தது. தொல்காப்பியம் "இளிவு" என்று பெயர் சொன்ன அழுகைக் காரணத்தை, சட்டம் குற்றம் என்று ஒப்புக்கொள்ள எத்தனை நூற்றாண்டு ஆயிற்று பாருங்கள்! எந்தப் பூஜையாலும் எந்தப் பரிகாரத்தாலும் இவை வரவில்லை. விம்மினவர்கள் வாய் திறந்ததனாலும், அவர்களுக்காக மற்றவர்கள் வாய் திறந்ததனாலும் வந்தன.

அடக்கம் அழகா?

"அடக்கமாய் அழுவது பண்பல்லவா? கத்திக் கூச்சல் போடுவதுதான் சுயமரியாதையோ?" என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். தானாக விரும்பித் தன் துக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளுவது ஒருவருடைய இஷ்டம். அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அடி விழும், சோறு போகும், மானம் போகும் என்று பயந்து அடக்குவதற்குப் பண்பு என்று பெயர் வைப்பது, சிறைக்கைதியைப் பார்த்து "எவ்வளவு அமைதியாய் வீட்டிலேயே இருக்கிறான்!" என்று மெச்சுவதைப் போன்றது. ஒருவருடைய விம்மலை அழகு என்று வர்ணிக்கிறவர்கள் பெரும்பாலும் விம்மாதவர்களாகவே இருக்கிறார்கள். கதைகளிலும் சினிமாக்களிலும் கதாநாயகி தூணுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்து விம்மினால் அவள் உத்தமி, எதிரே நின்று "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் அவள் வாயாடி. இந்த அளவுகோலை யார் செய்தார்கள், யாருக்கு லாபமாய்ச் செய்தார்கள் என்று கேட்பதுதான் பகுத்தறிவு.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக, வீட்டுக்குப் போய் நாம் செய்ய வேண்டிய காரியம் என்னவென்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.

முதலாவது, வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம் என்ற பேச்சை வீட்டை விட்டு ஓட்டுங்கள். அழுகை வந்தால் எந்தக் கிழமையிலும் அழலாம். இரண்டாவது, ஆண்பிள்ளை அழக்கூடாது என்று பையன்களை மிரட்டாதீர்கள். தன் அழுகையை அடக்கிப் பழகியவனுக்குப் பிறர் அழுகை காதில் விழுவதில்லை. அவன்தான் பின்னால் பெண்டாட்டியை அடிக்கிறவனாய் வளருகிறான். மூன்றாவது, வீட்டில் ஒருவர் விம்மினால் "அழாதே" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்தான் இத்தனை காலமாய் அழுகையை விம்மலாக்கி வைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், நாலு காரணத்தில் இது எந்தக் காரணம் என்று பாருங்கள். சாவானால் கூட உட்கார்ந்து அழுங்கள். வறுமையானால் கையிலிருப்பதைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இழிவானால், இழிவுபடுத்தினவன் யாராயிருந்தாலும், அவன் உங்கள் சொந்த அண்ணனாயிருந்தாலும், எதிரே நின்று கேளுங்கள். வீட்டில் கேட்க முடியாவிட்டால் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கென்று 181 என்ற உதவி எண் இருக்கிறது. அதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தோழர்களே! விம்மல் என்ற சொல்லை உண்டாக்கினவர்கள், மார்பு பருத்து மூச்சு முட்டினவர்கள். தாங்கள் பட்டதை ஒரு சொல்லில் அடைத்து நம்மிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொண்டோம் என்பதற்கு அடையாளம், அகராதியில் அதைப் படிப்பது மாத்திரமல்ல. நம் தெருவில், நம் வீட்டுச் சமையலறையில், மூடிய வாய்க்குப் பின்னால் அது கேட்கும்போது நம் காது அதை அறிந்துகொள்ள வேண்டும். அந்தக் காது உள்ளவர்கள் அதிகப்பட்டால், பழைய நூல்களில் மாத்திரம் கண்டு, "இதற்கு என்ன பொருள்?" என்று பிள்ளைகள் கேட்கிற சொல்லாக விம்மல் ஆகிவிடக்கூடும். அப்படி ஒரு சொல் வழக்கொழிந்தால் தமிழுக்கு நஷ்டமில்லை; தமிழருக்கு லாபமே.